எத்தனை கிலோவில் வலிக்கிறது?

எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் பாடம் நடத்தும்போது நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த எடுத்துக்காட்டுகள் எல்லோரும் சொல்பவைதாம். ஆணியின் கூர்முனை, புத்தகப் பையின் அகலப் பட்டை, ஒட்டகத்தின் பாதம், லாரியின் கூடுதல் சக்கரங்கள். பாடம் முடியும். சூத்திரம் மனப்பாடம் ஆகும். தேர்வில் மதிப்பெண்ணும் வரும். சென்ற ஆண்டு அந்தப் பாடத்துக்கு என் இடது குதிகாலே எடுத்துக்காட்டாக வந்து சேர்ந்தது. அதையும், அதை ஒட்டி வகுப்பில் செய்து பார்த்ததையும், நான் தவறாக எடைபோட்ட ஒரு மாணவியைப் பற்றியும் எழுதுகிறேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். நமக்குத்தான் எதையும் உடனே முழுதாகச் செய்துவிட வேண்டுமே! முதல் வாரத்திலேயே தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர். இடையிடையே ஓட்டம் வேறு. மூன்றாவது வாரம் காலையில் எழுந்து கால் ஊன்றினால் இடது குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்தது. பத்து நிமிடம் நடமாடினால் சரியாகிவிடும். பிறகு இரண்டாம் மாடி வகுப்புக்குப் படியேறும்போது மறுபடி பிடிக்கும். விரலால் கிள்ளிப் பார்த்தால் குதிகால் எலும்புக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் ஓர் இடம் மட்டும் சற்றுத் தடித்து, தொட்டாலே வலித்தது.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "நரம்பு சுண்டிக்கிச்சு டீச்சர், எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. ஊரில் இதை நரம்பு என்றே சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் திசுக்கள் பாடம் நடத்தும் நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அது நரம்பு அன்று, தசைநாண். ஆடுசதையில் உள்ள இரண்டு தசைகள் கீழே வர வரக் குறுகி, ஒரே கயிறாகச் சேர்ந்து, குதிகால் எலும்பின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். உடம்பிலுள்ள தசைநாண்களிலேயே தடிமனானதும் வலிமையானதும் இதுதான். நுனிக்காலில் எம்பி நிற்க முடிவதும், ஓடும்போது தரையை உந்தித் தள்ள முடிவதும் இதனால்தான். ஓட்டத்தில் இதன்மேல் விழும் இழுவிசை உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகும். கிரேக்கக் கதைநாயகன் அக்கிலிஸின் பெயரால் அக்கிலிஸ் தசைநாண் என்று மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். அந்தப் பெயர் 1693இல் ஃபிலிப் வெர்ஹெயன் என்ற உடற்கூற்றியல் அறிஞரின் நூல்வழியாக வழக்கத்துக்கு வந்தது.

இரண்டு மாதம் தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாக ஓட்டிவிட்டு, கடைசியில் இயன்முறை மருத்துவரிடம் போனேன். இளைஞர். என் மாணவன் வயதுதான் இருக்கும்.

முதலில் கேள்விகள்தாம் கேட்டார். எந்த இடம் என்று ஒரே விரலால் காட்டச் சொன்னார். காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு இருக்கிறது, எப்போதிலிருந்து நடை அதிகமானது, சமீபத்தில் ஏதாவது நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டீர்களா? கடைசிக் கேள்வி ஏன் என்று புரியாமல் விழித்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினோலோன் வகை மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று விளக்கினார். பிறகு எட்டு வினாக்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட வினாத்தாள். மொத்தம் நூறு மதிப்பெண். வலியே இல்லாதவருக்கு நூறு. நான் பாதியைத் தாண்டவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய அனுபவம்!

அடுத்துக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி செய்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தசைநாணைப் பிடித்து மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தார். "இங்கயா மேடம்?" "ஆமா." "இங்க?" "இல்ல." குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் வலியில்லை, அதிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே வலி. இந்த வேறுபாடு முக்கியம் என்றார். ஒட்டும் இடத்தில் வரும் கோளாறு ஒரு வகை. அதற்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே நடுப்பகுதியில் வருவது இன்னொரு வகை. பயிற்சியும் வேறுபடும். பிறகு வலித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே என் பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கச் சொன்னார். தசைநாண் விறைப்பானதும் அதே அழுத்தத்துக்கு வலி நன்றாகக் குறைந்தது. நடுப்பகுதிக் கோளாறாக இருந்தால் பலருக்கும் இப்படித்தான் ஆகுமாம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கருவியை எடுத்தார். பார்த்தால் கைப்பிடி வைத்த வில்தராசு மாதிரி. ஒரு முனையில் வட்டமான ரப்பர் குமிழ், மேலே எண்காட்டி. அழுத்த வலிமானி. அல்கோமீட்டர் என்கிறார்கள். வலித்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். "மெதுவா அழுத்துவேன். முதல்ல அழுத்தம் மட்டும்தான் தெரியும். அது வலியா மாறுற அந்த நொடியில 'இப்போ'ன்னு சொல்லுங்க. தாங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. இது தைரியத்துக்கான பரீட்சை இல்ல."

இடது கால்: 3.4, 2.9, 2.7. வலது கால், அதே உயரத்தில்: 5.2, 4.9, 4.9. அலகு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை. சராசரி இடதில் 3.0, வலதில் 5.0. பிறகு, நான் எதிர்பார்க்காத ஓர் இடத்தில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையிலும் இரண்டு கால்களிலும் அளந்தார். அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

எழுந்து உட்கார்ந்ததும் என் வலியைவிட அந்தக் கருவிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அரை மணி நேரம் அவரைக் கேள்விகளால் துளைத்துவிட்டேன். பாவம், பொறுமைசாலி.

கருவிக்குள் இருந்த பாடம்

இந்தக் கருவி வலியை அளப்பதில்லை. வலியை அளக்க உலகில் கருவி இல்லை. இது அளப்பது, 'இப்போது வலிக்கிறது' என்று ஒருவர் சொல்லும் நொடியில் அவர்மேல் இருந்த அழுத்தத்தை மட்டுமே. வலி தொடங்கும் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண் குறைவாக இருந்தால் அந்த இடம் எளிதில் வலிக்கிறது என்று பொருள்.

ரப்பர் முனையின் பரப்பு சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர். விட்டம் ஏறத்தாழ 1.13 சென்டிமீட்டர், மாணவர்களை வட்டத்தின் பரப்பிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்லலாம். முனை இதைவிடச் சிறியதாக இருந்தால் அதே விசைக்கு அழுத்தம் கூடிவிடும். ஓரத்தில் தோல் கிள்ளுப்பட்டு அந்த வலியும் சேர்ந்துகொள்ளும். மிகப் பெரியதாக இருந்தால் விசை பரவிப்போய் எந்த இடத்தை அளக்கிறோம் என்பதே தெரியாது. குதிகால் தசைநாண் கயிறுபோல் உருண்டிருப்பதால் முனை வழுக்கவும் செய்யும். அதற்காகத்தான் முதலில் பேனாப் புள்ளி. முனையும் செங்குத்தாக இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. நொடிக்கு ஒரு கிலோ என்ற அளவிலோ அதைவிட மெதுவாகவோ விசையை ஏற்ற வேண்டும். ஏன்? வலி தொடங்குவதற்கும் நான் 'இப்போ' என்று சொல்வதற்கும், அதைக் கேட்டு அவர் கையை எடுப்பதற்கும் இடையில் நேரம் கழிகிறது. அது அரை நொடி என்று கொள்வோம். நொடிக்கு ஒரு கிலோ ஏற்றினால் உண்மையைவிட அரை கிலோ கூடுதலாகப் பதிவாகும். நொடிக்கு நான்கு கிலோ ஏற்றினால் இரண்டு கிலோ கூடுதலாகப் பதிவாகும். என் இடது கால் 4.5 காட்டியிருக்கும், வலது காலோடு ஒப்பிட வேண்டியவர் குழம்பிப்போயிருப்பார். இரண்டு கால்களையும் ஒரே வேகத்தில் அளக்க வேண்டியதும் இதனால்தான். அளவீட்டுப் பிழை என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் என் முதல் அளவு இரண்டு கால்களிலும் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் தயங்கிச் சொல்லியிருப்பேன். அளக்கப்படுவது கல்லாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

எண் சொன்னதும் சொல்லாததும்

3.0 என்பது நோயா? இந்தக் கேள்வியைத்தான் மாணவர்களும் பிறகு கேட்டார்கள். இல்லை. இதற்குக் கீழே நோய், மேலே நலம் என்று எல்லோருக்கும் பொதுவான கோடு எதுவும் கிடையாது. ஒருவருக்கு நலமான காலிலேயே மூன்று கிலோவில் வலிக்கலாம். இன்னொருவருக்கு ஆறு கிலோவில்கூட வலிக்காது. தூக்கம் கெட்டிருந்தாலும் பயந்திருந்தாலும் அதே ஆளுக்கே எண் மாறும். அதனால்தான் என் இடது காலுக்கு என் வலது காலையே அளவுகோலாக வைத்தார். இரண்டு கால்களிலும் கோளாறு இருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

முன்பக்கத் தசையில் ஏன் அளந்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. தசைநாணில் மட்டும் எண் குறைந்து மற்ற இடத்தில் சரியாக இருந்தால் சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்தோடு சேர்ந்தது. வலியே இல்லாத இடங்களிலும் எண் தாழ்ந்திருந்தால், நரம்பு மண்டலமே வலிச்செய்தியைப் பெருக்கிக் காட்டுகிறதோ என்று யோசிக்க வேண்டும். நாள்பட்ட குதிகால் தசைநாண் வலியில் அப்படி ஒரு பெருக்கம் நடக்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை.

"அப்போ ஸ்கேன் எடுத்துட்டா தெளிவாயிடுமே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அல்ட்ராசவுண்டில் தசைநாண் தடித்தும் இழைகள் குலைந்தும் தெரிபவர்களில் சிலருக்கு வலியே இருப்பதில்லையாம். படம் அமைப்பைச் சொல்லும். கருவி தொடுவலியைச் சொல்லும். முடிவு செய்வது இரண்டும் அல்ல. வலிக்கும் இடம், பளு ஏறும்போது கூடும் வலி, காலை விறைப்பு, தடிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். எண் அதற்கு ஒரு துணைச்சாட்சி. அதன் பெரிய பயன் பின்னால் வருகிறது: சிகிச்சைக்குப் பிறகு அதே இடத்தில், அதே வேகத்தில் அளந்து ஒப்பிடலாம்.

என் கோளாறைத் தசைநாண் சிதைவு என்றார். முன்பெல்லாம் இதை அழற்சி என்றே அழைத்தார்கள். அழற்சி என்றால் ஓய்வும் மாத்திரையும் போதும் என்று தோன்றும். ஆனால் நாள்பட்ட தசைநாணில் முதன்மையாக நடப்பது இழைகளின் ஒழுங்கு குலைவது. முழு ஓய்வு அதை மேலும் வலுவிழக்கச் செய்யும். படிப்படியாகப் பளு ஏற்றுவதே மருந்து. 1998இல் சுவீடன் நாட்டில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் உடன்பணியாற்றியோரும் நாள்பட்ட வலியுள்ள 15 ஓட்டக்காரர்களுக்குக் குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு கால்களாலும் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். முழங்கால் நேராக 15 வீதம் மூன்று சுற்று, முழங்காலை மடக்கி அதேபோல் மூன்று சுற்று. நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இவ்வளவு நல்ல பலன் கிடைக்கவில்லை என்றாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. நிற்பதே தொழிலாகக் கொண்ட நம்மில் பலருக்கு வரும் இன்னொரு வலியும் உண்டு. காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடிப்பக்கம் குத்தும். அது பாதத்தின் அடிப்பட்டை சார்ந்த வேறு கோளாறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே வைத்தியம் செய்ய வேண்டாம். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'டப்' என்ற உணர்வுடன் வலி வந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வகுப்பறையில்

மறுவாரம் எட்டாம் வகுப்பில் ஆணியை விட்டுவிட்டு என் காலிலிருந்து தொடங்கினேன். முன்னதாக ஒன்று. பிள்ளைகளின் உடம்பில் அழுத்தி வலியை அளக்கும் செயல்பாடு எதையும் செய்யாதீர்கள். ஒருவர்மேல் ஒருவர் செய்து பார்க்கவும் விடாதீர்கள். கீழே உள்ளவற்றுக்கு வலி தேவையில்லை.

வீட்டிலிருந்து சமையலறை டிஜிட்டல் தராசைக் கொண்டுபோனேன். ஒவ்வொருவராக வந்து கட்டைவிரலால் தராசை அழுத்தி, திரையைப் பார்த்து ஒரு கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று முறை பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே ஒரு கிலோவை அழுத்த வேண்டும். திரையைப் பக்கத்திலிருப்பவர் குறித்துக்கொள்வார். ஒருவன் 640 கிராம். ஒருத்தி 1,710 கிராம். இரும்புப் பட்டறையில் அப்பாவுக்கு உதவும் ஒரு பையன் மட்டும் மூன்று முறையும் ஒரு கிலோவை ஒட்டியே நின்றான், வகுப்பு கைதட்டியது. நானும் முயன்றேன்: 1,320. மருத்துவரின் விரல் எவ்வளவு பழகியதாக இருந்தாலும் அதற்குத் துணையாக ஓர் எண்காட்டி ஏன் தேவைப்படுகிறது என்று நான் விளக்கவேண்டிய தேவையே எழவில்லை.

இதோடு சேர்த்து ஒரு செய்தியும் சொன்னேன். உடல் முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய்க்கு 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு வகுத்த விதியில், உடலின் 18 இடங்களில் ஏறத்தாழ நான்கு கிலோ விசையில் விரலால் அழுத்த வேண்டும். 11 இடங்களிலாவது வலிக்க வேண்டும். 2010இல் வந்த புதிய விதியில் இந்த அழுத்திப் பார்க்கும் பகுதியையே நீக்கிவிட்டார்கள். "ஏன் டீச்சர் எடுத்தாங்க?" என்று கேட்டதற்கு முன் வரிசையிலிருந்தே பதில் வந்தது: "நம்ம கட்டைவிரல் மாதிரிதான் அவங்களதும் இருந்திருக்கும்." நடைமுறையில் பல மருத்துவர்கள் அந்த இடங்களைச் சரியாக அழுத்திப் பார்க்காததும், சோர்வு, தூக்கக் குறைவு போன்ற மற்ற அறிகுறிகள் விடுபட்டுப்போனதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆகவே பையன் பாதி சரி.

அடுத்து வரைபடத்தாளில் பாதத்தை வரைந்து கட்டங்களை எண்ணினோம். என் இரண்டு பாதங்களின் பரப்பு ஏறத்தாழ 300 சதுர சென்டிமீட்டர், எடை 60 கிலோ. நான் நிற்கும்போது என் பாதத்தின் அடியில் அழுத்தம் 588 நியூட்டன் வகுத்தல் 0.03 சதுர மீட்டர், அதாவது 19,600 பாஸ்கல். இடது குதிகாலில் வலி தொடங்கிய அழுத்தம் 29.4 நியூட்டன் வகுத்தல் 0.0001 சதுர மீட்டர், அதாவது 2,94,000 பாஸ்கல். அறுபது கிலோவைத் தாங்கும் பாதத்தில் இருப்பதைப்போல் பதினைந்து மடங்கு அழுத்தத்தை வெறும் மூன்று கிலோ உண்டாக்கிவிட்டது. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்றும்போது நூறால் வகுப்பவர்கள் எப்போதும் உண்டு. இந்த முறையும் இருந்தார்கள். ஆனால் விடை ஒவ்வாமல் வந்ததும், "டீச்சர், இது நீங்க நிக்கிறதைவிடக் கம்மியா வருதே, அதுக்கே வலிச்சிருக்காதே" என்று ஒரு மாணவி தானே நிறுத்தித் திரும்பப் போட்டாள். ஆணியை வைத்துக் கணக்குப் போட்டபோது இப்படி யாரும் நிறுத்தியதில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போன பிறகு ஒருத்தி மட்டும் மேசையருகே நின்றாள். பன்னிரண்டு வயது. கோ-கோ அணியில் இருப்பவள். இரண்டு மாதத்துக்கு முன், விளையாட்டு விழாப் பயிற்சியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அன்று மேற்பார்வை நான். வகுப்பில் ஓடியாடித் திரிபவளுக்கு மைதானத்தில் மட்டும் வலிக்குமா என்று எண்ணி, "சாக்குச் சொல்லாதே, ஓடு" என்று அனுப்பினேன். அவளும் ஓடினாள்.

"டீச்சர், எனக்கும் அங்கதான் வலிக்குது. என்கிட்ட எத்தனை கிலோன்னு யாரும் கேக்கல."

எனக்குப் பேச்சு வரவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லி எங்கே என்று ஒரே விரலால் காட்டச் சொன்னேன். எனக்கு வலித்த இடம் அன்று. அதற்கும் கீழே, குதிகால் எலும்பின் பின்பக்கம். ஓடிய பிறகு கூடுதல். வீட்டுக்குப் போகையில் நுனிக்காலில் நடப்பாளாம். அப்பாவிடம் பேசி, அந்த வாரமே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே கருவி எதையும் எடுக்கவில்லை. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அணைத்து அழுத்திப் பார்த்தார்களாம், துள்ளிவிட்டாளாம். வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பகுதியில் குருத்தெலும்புத் தகடு ஒன்று இருக்கும். எலும்பாக இறுகாத அந்தத் தகடு தசைநாணைவிட வலுக்குறைந்தது. ஆடுசதை இழுக்கும் இழுப்பு முழுவதும் அங்கே போய் விழுகிறது. நமக்குத் தசைநாண் பழுதாவதுபோல அவர்களுக்கு அந்தத் தகடு நோகிறது. 1912இல் ஜேம்ஸ் செவர் என்ற மருத்துவர் விவரித்ததால் செவர் நோய் என்பார்கள். எட்டு முதல் பதினான்கு வயது வரை, துள்ளி ஓடும் பிள்ளைகளிடம் அதிகம். வளர்ச்சி முடிந்து தகடு எலும்போடு இணைந்ததும் தானாக நின்றுவிடும். அதுவரை வலி சொல்லும் அளவுக்கு ஓட்டத்தைக் குறைப்பது, காலணிக்குள் குதிகால் மெத்தை, ஆடுசதையை நீட்டும் பயிற்சி. வெறுங்காலில் கட்டாந்தரையில் ஓடவைக்கக் கூடாது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கோ-கோவில் உட்காரும் ஆட்டமாவது ஆடலாமா என்றுதான் கேட்டாள்.

பி.டி. சாரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் வருத்தப்பட்டார். பிறகு தன் பதிவேட்டில் இப்படி எத்தனை பேர் என்று புரட்ட ஆரம்பித்தார். 'வலி என்கிறான்', 'வரவில்லை' என்று இருந்த இடங்களில் குதிகாலா, முழங்காலா, எந்தக் கால் என்பது எங்கும் இல்லை. ஒரு பையனை அழைத்து விசாரித்தார். அவன் உண்மையாகவே சாக்குத்தான் சொல்லியிருக்கிறான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வாரம் படியில் ஏறி இறங்கிய பிறகு என் இடது கால் 4.4, வலது கால் 5.1. தாளில் எழுதிக்கொண்டு வெற்றிபெற்ற மாணவிபோல் நிமிர்ந்து பார்த்தேன். இயன்முறை மருத்துவர் எண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அது சரி மேடம், இரண்டாம் மாடி ஏறும்போது எப்படி இருக்கு?" என்று கேட்டார். காலையில் இன்னும் இரண்டு நிமிடம் விறைப்பு இருக்கிறது என்றேன். பயிற்சியை நிறுத்த வேண்டாம், தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு செய்யுங்கள் என்றார்.

இந்த ஆண்டு பி.டி. சாரின் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே, 'வலது குதிகால், பின்பக்கம். ஓடிய பிறகு அரை மணி நேரம். சென்ற மாதம் ஒரு மணி நேரம்' என்று எழுதியிருந்தது.